பற்புழு என்னும் பழங்கதை

பல்லைக் குடைவது புழுவே எனப் பண்டைப் பாபிலோனியர் களிமண் பலகையிற் பொறித்து வைத்தனர். அந்நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது. விதைகளைத் தீயிலிட்டு, எழும் புகையை வாயில் ஏற்றிப் புழுவை விரட்ட முயன்றனர் ஐரோப்பியர். 'பூச்சிப்பல்' என்னும் நம் வழக்கிலும் அதன் சாயலுண்டு.

1728இல் நூலியற்றிய பிரெஞ்சுப் பல்வைத்தியர் பியர் போஷார், நுணுக்குக்காட்டியால் நோக்கியும் புழுவெதனையும் கண்டாரல்லர். 1890இல், பெர்லினில் ஆய்வு நடத்திய அமெரிக்கரான மில்லர் உண்மையை விளக்கினார்: வாயிலுள்ள நுண்ணங்கிகள் இனிப்பையும் மாப்பொருளையும் அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லின் மேலுறையைக் கரைக்கின்றது.

புழுவைத் தேடியவர் நோவு வந்தபின் மருந்து தேடினர். காரணம் அறிந்தோர்க்கோ காவல் முன்னரே கைகூடும்: இனிப்பைக் குறைத்தலும், உறங்குமுன் பல் துலக்குதலுமே அது.