ஆறு துண்டு, ஒரு திறப்பு

மட்டக்களப்பு நகரத்துக் கடைப் பலகைகளைப் பாருங்க: கடைக்கு ஒண்டு, ஒவ்வொண்டுக்கும் ஒரு முதலாளி. இலண்டன் பிக்காடிலி சேர்க்கஸிலும் 1908இல் பெரியர் தண்ணீர் விளம்பரம் எரிஞ்ச காலம் தொட்டு ஒவ்வொரு விளம்பரமும் தனித்தனியாத்தான் நின்றது. 2017 ஜனவரியில் விளக்குகளை அணைத்து, ஆறு திரைகளைக் கழற்றி, ஒக்டோபரில் ஒரே பெருந்திரையாக ஏற்றினார்கள்.

பார்வைக்கு இன்னமும் ஆறு துண்டுதான். ஆனால் நடுவில் இருக்கிற கோடுகள் இரும்புச் சட்டமில்லை, மென்பொருள் கீறியவை. வேண்டினால் கொஞ்ச நேரத்துக்கு முழுத் திரையையும் ஒரே நிறுவனத்துக்கு விடலாம். எல்லையை அழிக்கிறது அவ்வளவு சுகம்.

நாளைக்கு நம்மட சந்தியிலும் இப்படியொரு திரை வரலாம். மூலையில ஒரு கட்டத்தைத் தயிர்க்கடைக்கும் கூத்துக் குழுவுக்கும் ஒதுக்கினால் போதுமா? அந்தக் கட்டத்தின் திறப்பு யாரிட்ட கிடக்கு எண்டதுதான் கேள்வி.