சவரக்கத்தியும் ஈட்டிமரப் பிடியும்

வாளுக்கும் வேலுக்கும் வரலாறு எழுதிய நாம், நாள்தோறும் நம் முன்னோர் முகத்தைத் தீண்டிய சவரக்கத்திக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. ஆயினும் அச்சிறு கருவிக்கும் நாம் வந்து குடியேறிய இம்மைசூரு நாட்டிற்கும் உள்ள தொடர்பு எண்ணி மகிழத்தக்கது.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800இல் இந்நாட்டில் பயணம் செய்தவர் பிரான்சிஸ் புக்கானன். இங்குள்ள கொல்லர் எஃகு ஆக்கிய முறையை அவர் விரிவாக எழுதியுள்ளார். களிமண் மூசையில் இரும்புத் துண்டை இட்டு, ஆவாரைத் தண்டும் பச்சிலையும் சேர்த்து, வாய்மூடி உலையில் வைப்பர். தண்டும் இலையும் கரியாகி இரும்பிற் கலக்க, எஃகு பிறக்கும். கன்னடர் அதனை 'உக்கு' என்றனர். நம் 'உருக்கு' அதற்கு உறவுச் சொல். ஆங்கிலேயர் வாயில் அதுவே 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர்.

இவ்வகை எஃகு கடல் கடந்தது. இலண்டன் நகரக் கத்தித் தொழிலர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதனை ஐரோப்பிய எஃகினும் மேலாக மதித்தார். அவரும் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்து, 1820இல் எஃகுக் கலவைகள் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். கொல்லரின் மகனாகிய பாரடே, தாம் ஆக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்கு வழங்கினார். நம் நாட்டு உலைக்களத்தின் புகழ் அறிவியல் உலகில் பரவியது இவ்வாறே.

கத்தியின் அலகு நெடுநாள் வாழும், பிடியோ அவ்வாறன்று. தந்தம், கொம்பு, ஆமையோடு ஆகியவற்றால் செய்த பிடிகள் வெடித்தன. பின்னர் வந்த செல்லுலாய்டு, நாளடைவில் சிதைந்து அமிலப்புகை விட்டு, அலகையே துருவேற்றியது. 1903இல் ஜில்லெட் சவரக்கருவி விற்பனைக்கு வந்தபின், பழைய கத்திகள் மெல்ல மெல்ல டிரங்குப் பெட்டிகளில் அடங்கின.

அவற்றை உயிர்ப்பிக்க இந்நகரினும் ஏற்ற இடம் எது? தமிழில் ஈட்டி, மலையாளத்தில் வீட்டி, கன்னடத்தில் பீட்டெ எனப்படும் மரத்தில் பதிப்பு வேலை செய்வது மைசூருக் கைவினைஞரின் தனிச்சிறப்பு. புவிசார் குறியீடும் பெற்றது. 1897 முதல் 1912 வரை எழுந்த அரண்மனையில், தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவைக் கண்டோர் அதன் நுட்பத்தை அறிவர். அத்தகைய வேலையில் கழிபடும் சிறு துண்டே ஒரு பிடிக்குப் போதும்.

முதலில் பழைய ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து, ஆணியை மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். அலகை எண்ணெயும் நயமான உப்புத்தாளும் கொண்டு துடைக்க வேண்டும். சூடேறினால் எஃகின் பதம் கெடும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரு மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிணைத்து, ஒருங்கே செதுக்கினால் இரண்டும் ஒத்திருக்கும். அடிப்புறத்தில் இடையே சிறு ஆப்பு வைத்து, பித்தளை ஆணி பூட்டி, சிறு சுத்தியால் மெல்லத் தட்டி இறுக்குவர். மடக்கும்போது அலகு இருபுறமும் படாமல் நடுவே அமர்ந்தால் வேலை நிறைவுற்றது. பிறகு சாணைக்கல்லும் தோல்வாரும் கூர்மையை மீட்கும்.

பாட்டனார் ஊரிலிருந்து கொணர்ந்த அலகுக்கு, பேரன் பிறந்த மண்ணின் மரம் பிடியாகிறது. இதனினும் சிறந்த குடும்ப நினைவுப்பொருள் உண்டோ? பிடி உடைந்தது என்பதற்காக அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதிருப்போமாக. அதனைச் செப்பஞ்செய்ய வல்ல கைகள் இன்றும் இந்நகரில் உள்ளன. அக்கைகளுக்கு வேலை தருவதும் நம் கடமையே.