எல்லைத் தோட்டங்களில் நிலைத்த வேதி மாசு: முதலமடையும் ஏலமலையும்

எளிதில் சிதையாத பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் பயிரிலும் தங்கிவிடுவது நிலைத்த வேதி மாசு. கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து முதலமடை மாந்தோப்புகளும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களும் இதற்குப் பெயர்போனவை. இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் தொடுவது தமிழ்நாட்டு எல்லையை.

இத்தகைய பூச்சிக்கொல்லிகளில் ஒன்றான எண்டோசல்பான் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் இலையின் மெழுகுப் படலத்திலும் பழத்தோலிலும் ஒட்டிக்கொள்கிறது. மண்ணில் சிதைந்து உண்டாகும் எண்டோசல்பான் சல்பேட்டும் நஞ்சுதான். தாய்ப்பொருளைவிட நீண்டநாள் நிற்கும். காசர்கோட்டின் அரசு முந்திரித் தோப்புகளில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்ததால் மக்களுக்கு நேர்ந்த கொடுமை வெளிப்பட்டபின், கேரளத்தில் 2005-இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டிலோ விற்பனை தொடர்ந்தது. டப்பாக்கள் எல்லை தாண்டி வந்தன. 2011 மே 13-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடைவிதிக்கும்வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இப்படியே போயின. ஒரே மலைக்கு இரண்டு சட்டம் இருந்த அந்த ஆண்டுகள் மன்னிக்க முடியாதவை.

முதலமடை மாம்பழம் மற்ற ஊர்ப் பழங்களுக்கு முன்பே வட இந்தியச் சந்தைக்குப் போவதால் நல்ல விலை பெறும். பல தோப்புகளை வியாபாரிகள் குத்தகைக்கு எடுக்கிறார்கள். போட்ட பணத்தை ஒரே பருவத்தில் எடுத்தாக வேண்டும். அதனால் பூக்கும்போதே தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடிப்பவர் அறுவடை முடிந்ததும் போய்விடுவார். மருந்து விழுந்த மண்ணும் கிணறும் ஊராருடையவை.

இடுக்கியின் ஏலமலையில் கதை வேறு. இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்ற ஏல இனம் 1990-களில் பரவி, விளைச்சலைப் பல மடங்கு கூட்டியது. நிழல் மரங்கள் குறைந்தன. இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் ஆண்டு முழுவதும் மருந்தடிப்பது வழக்கமாயிற்று. ஏலச்செடியின் காய்ச்சரம் தூரடியில் மண்ணை ஒட்டிப் படர்வது. தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் விடிகாலை ஜீப்பில் வரும் பெண்கள் குனிந்து, மருந்தில் நனைந்த அந்தத் தூரடியில் கைவிட்டுத்தான் காய் எடுக்கிறார்கள். பறித்த காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தினால் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். நீர் போனாலும் மருந்தின் எச்சம் அதே அளவில் போவதில்லை. ஆகவே கிலோவுக்கான எச்ச அளவு கூடுகிறது. 2018-இல் எச்சத்தைக் காரணம்காட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியதும், போடிநாயக்கனூர் ஏலச் சந்தைவரை கவலை பரவியது. வாங்குகிற நாட்டுக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. காய் எடுக்கும் கைகளுக்கு அப்படி ஒரு சோதனை வழக்கத்தில் இல்லை.