மகுடங்களின் மறுபக்கம் – 17: மன்னனைப் பெற்றவளுக்கு மட்டும்

மாட்ரிட்டுக்கு வடமேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், குவாதர்ராமா மலையடிவாரத்தில் இருக்கிறது எஸ்கோரியல். அரண்மனை, துறவிமடம், தேவாலயம், நூலகம் எல்லாம் ஒரே கருங்கல் கட்டடத்துக்குள் அடக்கம். தேவாலயத்தின் பெரிய பலிபீடத்துக்கு நேர் கீழே, பளிங்குப் படிகளில் இறங்கினால் எண்கோண வடிவில் ஓர் அறை. சுவருக்கு நான்காக அடுக்கியும் வாசலுக்கு மேலே இரண்டு வைத்தும் மொத்தம் 26 பளிங்குப் பேழைகள். ஒரு பக்கம் ஸ்பெயினின் அரசர்கள். எதிர்ப்பக்கம் அரசியர்.

அரசியர் என்றால் எல்லா அரசியரும் அல்ல. ஓரிரு விதிவிலக்குகள் தவிர, மன்னனைப் பெற்ற அரசியருக்கு மட்டும்தான் இந்த அறையில் இடம். மகன் பிறக்காதவள், பிறந்த மகன் அரியணை ஏறாதவள், எத்தனை ஆண்டு மகுடம் தரித்திருந்தாலும் பக்கத்து மண்டபங்களில் இளவரசர், இளவரசியரோடுதான் கிடக்க வேண்டும்.

எஸ்கோரியலைக் கட்டிய இரண்டாம் பிலிப்பையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு நான்கு மனைவியர். முதல் மனைவி மரியா மானுவேலா, மகனைப் பெற்ற சில நாட்களில் 1545-இல் இறந்தார். அந்த மகன்தான் கார்லோஸ், தந்தையின் சிறையிலேயே 1568-இல் மாண்டான். இரண்டாம் மனைவி இங்கிலாந்தின் அரசி மேரி, வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம். மூன்றாமவர் பிரான்சின் இசபெல். அவருக்கு இரண்டு மகள்கள் மட்டுமே பிழைத்தார்கள். நான்காமவரான ஆஸ்திரியாவின் அன்னாவின் மகன்தான் மூன்றாம் பிலிப். ஆக, பலிபீடத்தின் கீழ் பிலிப்போடு இருப்பது அன்னா மட்டும்.

ஆனால் படியேறி மேலே வந்து பலிபீடத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். பொம்பேயோ லியோனி வார்த்த பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலைகள். பிலிப் மண்டியிட்டுக் கைகூப்பியிருக்கிறார். அவரோடு அன்னா, இசபெல், மரியா மானுவேலா மூவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். சிறையில் இறந்த கார்லோஸும் இருக்கிறான். பிலிப் கேட்டது இந்தக் குடும்பத்தை. கீழே உள்ள அறையை 1654-இல் முடித்துப் பேழைகளை வரிசைப்படுத்தியவர் அவருடைய பேரன் நான்காம் பிலிப். தாத்தா மேலே ஒன்றாக மண்டியிட வைத்தவர்களை, பேரனின் ஏற்பாடு கீழே பிரித்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு மனம் கனக்கத்தான் செய்யும்.

இந்தக் குடும்பத்துக்கும் பிரேதங்களுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள, இரண்டாம் பிலிப்பின் பாட்டி ஹுவானாவிடம் போக வேண்டும்.

கொலம்பஸை அனுப்பிய இசபெல்லா, ஃபெர்டினாண்ட் தம்பதியின் மகள் ஹுவானா. கணவர் பர்கண்டியின் பிலிப், ‘அழகன்’ என்று பெயர் வாங்கியவர். 1506 செப்டம்பர் 25 அன்று, காய்ச்சல் கண்ட சில நாட்களில், பர்கோஸ் நகரில் 28 வயதில் இறந்துபோனார். ஹுவானாவுக்கு அப்போது 26 வயது, வயிற்றில் ஆறாவது குழந்தை. பிலிப்பின் உடலைப் பதப்படுத்தினார்கள். இதயத்தை மட்டும் எடுத்து, அவருடைய தாய் அடக்கமான புரூஜ் நகருக்கு அனுப்பினார்கள். உடல் ஊருக்கு வெளியே மிராஃப்ளோரெஸ் மடத்தில் வைக்கப்பட்டது.

டிசம்பர் 20 அன்று ஹுவானா அந்த உடலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தெற்கே கிரானடாவில், தன் தாய் இசபெல்லாவின் அருகில் கணவரை அடக்கம் செய்ய வேண்டும். காஸ்டீலின் கடுங்குளிர். வண்டியில் சவப்பெட்டி, தீவட்டி வெளிச்சம், இரவில் மட்டும் பயணம். தோர்க்கெமாதா என்ற சிற்றூரை எட்டியதும் மேலே போக முடியவில்லை. 1507 ஜனவரி 14 அன்று அங்கே மகள் கத்தலினாவைப் பெற்றெடுத்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் மறுபடியும் பயணம். ஓரிடத்தில் இரவு தங்க நுழைந்த மடம் கன்னியர் மடம் என்று தெரிந்ததும், பெட்டியை வெளியே எடுக்கச் சொல்லி, திறந்தவெளியில் இரவைக் கழித்தார் என்று உடன்சென்ற இத்தாலிய அறிஞர் பீட்டர் மார்ட்டிர் எழுதி வைத்திருக்கிறார். செத்த கணவனை மற்றப் பெண்கள் நெருங்கவிடாத பொறாமை என்று ஊர் பேசியது. ‘பித்துப் பிடித்தவள்’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்றைய ஆய்வாளர்கள் சிலர் வேறு விதமாகப் படிக்கிறார்கள். காஸ்டீலின் அரசி ஹுவானாதான். கணவரை அரசர்கள் உறங்கும் கிரானடாவில் அடக்கம் செய்துவிட்டால், மூத்த மகன் சார்லஸின் வாரிசுரிமை உறுதிப்படும். கணவரின் சவப்பெட்டியோடு திரியும் விதவையை மறுமணத்துக்கு யாரும் வற்புறுத்தவும் முடியாது. அந்தப் பயணத்தில் துக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வயிற்றுப் பிள்ளையோடு கடுங்குளிரில் புறப்பட்டவளுக்கு இரண்டும் இருக்கக்கூடாதா என்ன?

அவர் கிரானடாவை எட்டவில்லை. 1509-இல் தந்தை ஃபெர்டினாண்ட் அவரைத் தோர்தெசில்லாஸ் அரண்மனையில் அடைத்தார். பிறகு மகன் சார்லஸும் திறந்துவிடவில்லை. அரசாணைகளில் தாயின் பெயரும் மகனின் பெயரும் சேர்ந்தே வெளிவந்தன. தாய் மட்டும் பூட்டிய கதவுக்குப் பின்னால். 46 ஆண்டுகள் கழித்து, 1555 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று இறந்தார். பிலிப்பின் சவப்பெட்டி அதே ஊரின் சாந்தா கிளாரா மடத்தில் 1525 வரை காத்திருந்துவிட்டு, அவர் இல்லாமலே கிரானடா போய்ச் சேர்ந்தது.

சார்லஸ் என்ற அந்த மகன் ஐரோப்பாவின் பேரரசரானார். அவருடைய மனைவி போர்ச்சுகலின் இசபெல் 1539-இல் பிரசவத்தை ஒட்டித் தோலேதோவில் இறந்தார். உடலைக் கிரானடாவுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு பிரபு பிரான்சிஸ்கோ போர்ஹாவுக்கு. அடக்கத்துக்கு முன் பெட்டியைத் திறந்து, இது அரசியின் உடல்தான் என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் வந்த உடல். ஸ்பெயினே கொண்டாடிய அழகி அவர். திறந்து பார்த்த போர்ஹாவால் அந்த முகத்தை அடையாளம் காண முடியவில்லை. பிற்காலத்தில் அவர் பட்டம் பதவியை எல்லாம் உதறி சேசு சபையில் சேர்ந்து, அதன் மூன்றாம் தலைவராகி, புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

சார்லஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆட்சியைத் துறந்து, யுஸ்தே மடத்தருகே ஒதுங்கி, 1558 செப்டம்பர் 21 அன்று மலேரியாவில் இறந்தார். சாவதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதிய உயில் இணைப்பில் இரண்டு ஆசைகளைச் சொன்னார். மனைவியின் உடலைக் கொண்டுவந்து தன் அருகில் வைக்க வேண்டும். அங்கேயே அடக்கம் செய்வதானால், பூசை செய்யும் குருவின் பாதம் தன் தலையிலும் மார்பிலும் படும்படி பாதி உடல் பலிபீடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இறுதி முடிவை மகனிடம் விட்டார்.

மகன் இரண்டாம் பிலிப் 1563-இல் எஸ்கோரியலுக்கு அடிக்கல் நாட்டினார். செயின்ட் குவென்டின் போரில் வென்றது 1557-இல் புனித லாரன்ஸ் திருநாளில் என்பதால், அந்தப் புனிதர் பெயரில் மடம். வேலை முழுதாக முடிய 1584 ஆயிற்று. அதற்குப் பத்தாண்டு முன்பே பிரேத ஊர்வலங்கள் வரத் தொடங்கிவிட்டன. யுஸ்தேயிலிருந்து தந்தை, கிரானடாவிலிருந்து தாய், மற்ற ஊர்களிலிருந்து அத்தைமார், மனைவியர், மகன். தந்தையின் முதல் ஆசை நிறைவேறியது. தோர்தெசில்லாஸிலிருந்து பாட்டி ஹுவானாவும் வந்தார். ஆனால் அவரை இங்கே நிறுத்திக்கொள்ளாமல் கிரானடாவுக்கு அனுப்பிவைத்தார் பேரன். கணவரைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் புறப்பட்டாரோ அந்த ஊருக்கு, 67 ஆண்டுகள் தாமதமாக.

பிலிப்பும் 1598-இல் இங்கேயே இறந்தார். படுத்த படுக்கையாய் 53 நாட்கள், உடம்பெல்லாம் புண். தந்தையின் பெட்டியைத் திறந்து அவரை எப்படி அடக்கம் செய்திருந்தார்கள் என்று பார்த்து வரச் சொன்னார். தனக்கான பெட்டியை அறைக்கே வரவழைத்துப் பார்த்தார். இந்தியக் கடல்வழியில் ஓடி ஓய்ந்த ‘ஐந்து காயங்கள்’ என்ற போர்த்துகீசியக் கப்பலின் மரம் அது. படுக்கையிலிருந்தே பலிபீடம் தெரியும்படி கட்டிய அறையில், செப்டம்பர் 13 விடியலில் உயிர் பிரிந்தது.

எண்கோண அறைக்குள் உடல் நேரே வந்துவிடாது. பக்கத்தில் ‘புத்ரிதேரோ’ என்று ஓர் அறை. அழுகும் இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். சுண்ணாம்போடு உடல் அங்கே இருபது முப்பது ஆண்டுகள் கிடக்கும். மடத்துத் துறவிகளைத் தவிர யாரும் நுழைவதில்லை. எலும்பு மட்டும் மிஞ்சியபின் சிறிய ஈயப் பெட்டியில் எடுத்து வைப்பார்கள். பேழைகள் அவ்வளவு குறுகலாக இருப்பது அதனால்தான். ரோமில் 1941-இல் இறந்த பதின்மூன்றாம் அல்போன்சோவை 1980-இல் கொண்டுவந்தபோது, காலம் போதுமான அளவு கடந்திருந்ததால் நேரே பேழைக்குள் வைத்தார்கள். அவர் மனைவி விக்டோரியா யூஜினியா 1985-இல் புத்ரிதேரோவுக்கு வந்து, 2011-இல்தான் பேழைக்கு மாறினார்.

இந்த வரிசையை வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ஐந்தாம் பிலிப் தான் எழுப்பிய லா கிரான்ஹாவில் அடக்கமாக விரும்பினார். அவருடைய இரண்டாம் மனைவி இசபெல் பர்னேசியோ, மூன்றாம் கார்லோஸின் தாய். எஸ்கோரியலில் இடம் பெறும் தகுதி முழுதாக இருந்தும் கணவரருகே கிடப்பதையே தேர்ந்தார். முதல் மனைவி மரியா லூயிசா எஸ்கோரியலில், எதிர்வரிசையில் கணவர் இல்லாமல் இருக்கிறார்.

அவருடைய மகன் ஆறாம் ஃபெர்டினாண்டுக்கும் மனைவி பார்பராவுக்கும் பிள்ளையில்லை. எனவே பார்பராவுக்கு எண்கோண அறையில் இடம் கிடையாது. மாட்ரிட்டில் தான் நிறுவிய சலேசாஸ் மடத்தில் அடக்கமானார். 1758-இல் அவர் இறந்ததும் ஃபெர்டினாண்ட் வில்லாவிசியோசா கோட்டையில் அடைந்துகொண்டார். சவரம் இல்லை, உடை மாற்றுவதில்லை, கட்டிலில் படுப்பதில்லை. ஏறத்தாழ ஓராண்டு நாட்டை ஆள அரசரே இல்லாத நிலை. மறு ஆகஸ்டில் அவரும் போனார். மனைவி இருக்கும் அதே தேவாலயத்தில்தான் அவரும் அடக்கம். துணையை இழந்து நிலை தடுமாறிய இந்த மன்னருக்கு வரலாறு தந்த அடைமொழி ‘விவேகி’. ஹுவானாவுக்குத் தந்தது என்னவென்று முன்பே பார்த்தோம். ஓர் ஆணுக்கு நோயாகத் தெரிந்தது பெண்ணுக்கு எப்படிப் பெயராகவே ஆகிப்போனது என்று இன்னும் யாரும் எனக்கு விளக்கவில்லை.

இரண்டாம் இசபெல் தானே ஆண்ட அரசி என்பதால் அரசர்கள் பக்கம் இருக்கிறார். அவர் கணவர் பிரான்சிஸ்கோ அரசியர் வரிசையில், அங்குள்ள ஒரே ஆண். நாடிழந்தபின் பாரிஸில் தனித்தனியே வாழ்ந்த தம்பதி, சாவுக்குப்பின் ஒரே அறையில்.

அவர்கள் மகன் பன்னிரண்டாம் அல்போன்சோ, சித்தி மகள் மெர்செதெஸைக் காதலித்து, 1878 ஜனவரி 23 அன்று மணந்தார். ஜூன் 24 மெர்செதெஸின் பதினெட்டாவது பிறந்தநாள். 26 அன்று காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. அல்போன்சோ மறுமணம் செய்தார், 1885-இல் காசநோயில் இறந்தார். அவருக்குப் பின் பிறந்த மகனே பதின்மூன்றாம் அல்போன்சோ. எண்கோண அறையில் அல்போன்சோவும் இரண்டாம் மனைவி மரியா கிறிஸ்டினாவும் இருக்கிறார்கள்.

ஐந்து மாதம் அரசியாக இருந்த மெர்செதெஸ், எஸ்கோரியல் தேவாலயத்தின் பக்கச் சிற்றாலயம் ஒன்றில் 122 ஆண்டுகள் இருந்தார். மாட்ரிட்டின் அல்முதேனா மாதா மீது அவருக்குப் பக்தி அதிகம். அவர் நினைவாக அல்போன்சோ அரண்மனை எதிரில் நிலம் ஒதுக்க, 1883-இல் அல்முதேனா தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். அதைக் கட்டி முடித்து அர்ச்சிக்க 1993 ஆயிற்று. 2000 நவம்பரில் மெர்செதெஸை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்லில் பெயருக்குக் கீழே, அல்போன்சோவின் இனிய மனைவி என்று பொறித்திருக்கிறது.

(தொடரும்)