இணையவழிப் பதிப்புரிமை மீறல்: இலங்கையில் தண்டனையின் அளவு

இலங்கையில் பிறரது பாடலையோ படத்தையோ உரிமையின்றிப் பிரதி செய்து பரப்புவோருக்கான தண்டனை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 178ஆம் பிரிவில் இருக்கிறது. வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதவான் ஆறு மாதம் வரை சிறையோ, 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுபடியும் குற்றவாளியானால் அது இரட்டிப்பாகலாம்.

அந்த 5 இலட்சத்தின் கனம் மலையகத்தில்தான் புரியும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் உச்சத் தண்டம் 370 நாள் ‘பேர்’ (நாட்கூலி). அதாவது ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட கொழுந்து. திருட்டுப் பிரதியை மொத்தமாக விற்கும் கொழும்பு முதலாளிக்கோ அது வியாபாரச் செலவு. அவருக்கு அது தேய்ந்தும் வருகிறது: சட்டம் வந்தபோது சுமார் 5,000 டொலர் பெறுமதியான தொகை, 2022இல் ரூபா சரிந்தபின் 2,000 டொலரைக்கூடத் தொடுவதில்லை. பின்லாந்தில் 1921 முதலே தண்டப்பணத்தைக் குற்றவாளியின் நாள் வருமானத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இலங்கைச் சட்டம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனாலும் குற்றத்துக்கான தண்டத்தில் உச்சவரம்பை மட்டும் வைத்து மீதியை நீதவானிடம் விட்டது நல்லதே. அமெரிக்காவில் குடியியல் வழக்கில் உரிமையாளர் கேட்டால் ஒரு படைப்புக்குப் பொதுவாக 750 டொலருக்குக் குறையாத இழப்பீடு. வேண்டுமென்றே மீறினால் 1,50,000 வரை ஏறலாம். 24 பாடல்களைப் பகிர்ந்த ஜேமி தோமஸ்-ராசெட் என்ற பெண்ணுக்கு 2009இல் ஜூரி 19 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் விதித்தது. 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதிக்குமாறு பணித்த 2,22,000 டொலரும் பாட்டுக்கு 9,250 டொலர்!

ஆனால் இலங்கையின் குடியியல் வழக்குகளிலும் இப்படி ஒரு அடிமட்டம் உண்டு. நட்டத்தை நிரூபிக்காமலே 50,000 முதல் 10 இலட்சம் ரூபா வரை கோரலாம்.

தனிப்பட்ட பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க 12ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அது சட்டப்படியான பிரதியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். திருட்டுத் தளத்திலிருந்து லயத்தில் தன் கைபேசியில் ஒரு படத்தை இறக்கும் இளைஞனுக்கு அந்தப் பிரிவு உதவாது. அவனுக்கும் அந்தத் தளத்தை நடத்துபவனுக்கும் சட்டம் எழுதியிருக்கும் உச்சவரம்பு ஒன்றே.