நேற்று மேய்ந்த கோழி இன்று காலை செத்துக் கிடக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாயங்காலம் வரை குப்பையைக் கிளறிக்கொண்டு இருந்த கோழி. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் விறைத்துக் கிடக்கிறது. "சீக்கு வந்துட்டு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கோழியைத் தூக்கி ஓடையில் வீசிவிட்டுப் போவதுதான் பல ஊர்களில் நடக்கிறது. தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரி பக்கம் புழக்கடையில் நாலைந்து கோழி இல்லாத தெரு குறைவு. முட்டை, குஞ்சு, திருவிழா நேரத்தில் ஒரு சேவல் விற்ற காசு என எல்லாமே வீட்டுப் பெண்களின் கைச்செலவுப் பணம். ஒரு கோழி செத்தால் அந்தக் காசு போச்சு. ஏன் செத்தது என்று தெரியாமல் விட்டால் மிச்சமிருக்கும் கோழிகளும் போகும்.

காரணத்தை நாமே ஓரளவு கணிக்க முடியுமா? முடியும். சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் போதும்.

முதல் கேள்வி: செத்தது ஒன்றா, பலவா?

ஒரே ஒரு கோழி மட்டும் செத்து, மற்றவை நன்றாக மேய்ந்தால் தொற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பாம்புக்கடி, முட்டை அடைப்பு, தீனிப்பை அடைப்பு, குடற்புழு, வெயில் என்று யோசிக்கலாம். ஆனாலும் இரண்டு மூன்று நாள் மற்ற கோழிகளைக் கவனிக்க வேண்டும். தொற்றுநோயும் முதலில் ஒரு கோழியில்தான் தொடங்கும்.

இன்று ஒன்று, நாளை இரண்டு, அடுத்த நாள் பக்கத்து வீட்டில் மூன்று என்று போனால் அது தொற்று. சில மணி நேரத்துக்குள் நாலைந்து கோழி ஒரே இடத்தில் விழுந்தால் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயல், மருந்து கலந்த விதைநெல், எலி மருந்து ஆகியவற்றில் எது அருகில் இருந்தது என்று பாருங்கள். வாயில் நுரை, கால் இழுப்பு, தீனிப்பை நிறைய தானியம் ஆகியவை இதற்கான தடயங்கள்.

இரண்டாவது கேள்வி: எச்சம் என்ன நிறம்?

வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போலக் கழிந்ததா? இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடித் தூங்கி விழுந்ததா? வாயைத் திறந்து மூச்சு வாங்கியதா? கழுத்து ஒரு பக்கமாகத் திருகியதா? இவை சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல். அரசு முகாம் நோட்டீஸில் 'கோழிக்கழிச்சல்' என்றும் மருத்துவர் வாயில் 'ராணிக்கெட்' என்றும் வருவது இதே நோய்தான்.

பெயர் எப்படி வந்தது? 1926-இல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்த நோய் கண்டறியப்பட்டது. உலகம் முழுக்க 'நியூகாசில் நோய்' என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட்டில் இதே நோய் பதிவானது. அதனால் இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இது வைரஸ் நோய். கிருமி உள்ளே போய் பொதுவாக ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும். சில நேரம் இரண்டே நாளிலும், சில நேரம் இரண்டு வாரம் கழித்தும் வரலாம். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பெரும்பாலான கோழிகளைக் கொண்டுபோய்விடும்.

எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தால் கதை வேறு. மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரையிலான குஞ்சுகள் சிலிர்த்துக்கொண்டு நின்று, ரத்தமாகக் கழிந்து சாவது ரத்தக்கழிச்சல். இதற்குக் காரணம் குடலில் வளரும் ஒட்டுண்ணி. ஈரத்தில் நன்றாகப் பெருகும். குற்றாலம் சீசன் சாரலும் ஐப்பசி மழையும் கூட்டின் அடியை நனைத்துவிட்டால் குஞ்சுகளுக்கு ஆபத்து. வெள்ளைக்கழிச்சல் போல இல்லாமல், இதற்கு ஆரம்பத்திலேயே கொடுத்தால் கேட்கும் மருந்து உண்டு.

மூன்றாவது கேள்வி: உடம்பில் என்ன தெரிகிறது?

கொண்டை, கண்ணோரம், அலகோரம் என மருக்கள் போலக் கொப்புளம் இருந்தால் கோழி அம்மை. இதைக் கொசுவும் பரப்பும். கண் மூடிப்போய் இரை எடுக்க முடியாமலும், தொண்டைக்குள் புண் வந்து மூச்சு அடைத்தும் கோழி சாகலாம்.

முட்டையிடும் பெட்டைக் கோழி வாலைத் தாழ்த்தி, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்ததா? முட்டை அடைப்பாக இருக்கலாம். நெஞ்சுக்கு மேலே பந்து போல வீங்கி இருந்தால் தீனிப்பை அடைப்பு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, எடையே இல்லாமல் இருந்தால் பல வாரமாகவே குடற்புழுவோ வேறு நோயோ தின்றிருக்கிறது என்று அர்த்தம். நமக்குத்தான் 'திடீர்' சாவு, கோழிக்கு இல்லை.

பறவைக் காய்ச்சலாக இருக்குமோ?

இந்தப் பயம் நியாயமானதே. இந்தியாவில் கோழிகளில் பறவைக் காய்ச்சல் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். நமக்குப் பக்கத்தில், கேரளாவின் ஆலப்புழா மாவட்டத்தில் 2024 ஏப்ரலில் வாத்துகளில் எச்5என்1 உறுதி செய்யப்பட்டது. இப்படி ஒவ்வொரு முறை கேரளாவில் நோய் வரும்போதும், செங்கோட்டையைத் தாண்டியுள்ள புளியரை சோதனைச் சாவடியில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சிக்கல் என்னவென்றால், வெள்ளைக்கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. தலை, கொண்டை வீங்கி நீலம் பாய்ந்து, ஒரே நேரத்தில் நிறையக் கோழிகளோ காகங்களோ செத்தால் தொடாமல் உடனே தகவல் சொல்ல வேண்டும். மாதிரிகளைச் சோதித்து உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம்.

சரியான பதில் எங்கே கிடைக்கும்?

மேலே சொன்னதெல்லாம் கணிப்பு. பதில் பிரேதப் பரிசோதனையில்தான் இருக்கிறது. கோழிக்கும் அது உண்டு. வெள்ளைக்கழிச்சல் என்றால் பெரும்பாலும் இரைப்பையின் உட்புறத்தில் ரத்தப் புள்ளிகள் தெரியும். ரத்தக்கழிச்சல் என்றால் குடலில் ரத்தம் தேங்கி இருக்கும். விஷம் என்றால் தீனிப்பையில் இருப்பதே காட்டிக்கொடுக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கோழியை இரண்டு கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஐஸ் கட்டியோடு வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம்.

• அன்றைக்கே பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள். நேரம் ஆக ஆக உடல் அழுகி, தடயம் போய்விடும்.

• சீக்காக இருக்கும் இன்னொரு கோழியும் இருந்தால், அதைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• வயது, எப்போது சுணங்கியது, என்ன தின்றது, கடைசியாக எப்போது ஊசி போட்டது, புதுக்கோழி வாங்கினீர்களா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

• நீங்களே வீட்டில் அறுத்துப் பார்க்க வேண்டாம்.

கால்நடை ஆம்புலன்ஸ் உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். நம் வட்டாரத்துக்கு மேல்நிலை உதவி என்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இதையெல்லாம் செய்யாதீங்க

"சாகப் போகுது, அறுத்துடலாம்" என்பது முதல் தப்பு. நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஆபத்து சட்டியில் இல்லை. இறகு பிடுங்கி, அறுத்து, கழுவும் கையில் இருக்கிறது. பூச்சிமருந்து தின்ற கோழி என்றால் வேகவைத்தும் பயனில்லை.

சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது இரண்டாவது தப்பு. நம் வீட்டு நோய் நாலு ஊருக்குப் போகும். செத்த கோழியைக் குளத்திலோ ஓடையிலோ வீசினால் நாயும் காகமும் அந்த வேலையைச் செய்யும். கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்புத்தூள் போட்டுப் புதையுங்கள்.

மனுஷங்களுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்குவதும் வேண்டாம். வைரஸை அது தொடக்கூடச் செய்யாது. வெள்ளைக்கழிச்சலைக் குணமாக்கும் மருந்து கிடையாது. சீரகம், மஞ்சள், கீழாநெல்லி வைத்தியம் செய்பவர்கள் செய்யலாம். அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது.

மிச்சக் கோழிகளைக் காப்பாற்ற

முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. வெள்ளைக்கழிச்சலுக்கு வழக்கமான அட்டவணை இதுதான். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தையொட்டி ஊர் ஊராக இருவார இலவச முகாமும் நடத்துகிறது. வெயில் ஏறி நோய் பரவும் முன்பே கோழி தயாராக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. துரத்திப் பிடிக்க முடியாத கோழிகளுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியாகவே கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது.

"ஊசி போட்ட பிறகுதான் செத்துச்சு" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. கிருமி ஏற்கெனவே உள்ளே போன கோழியை ஊசி காப்பாற்றாது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதனால் பக்கத்துத் தெருவில் சாவு தொடங்கிய பிறகு ஓடுவதில் பலன் குறைவு. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் விடுங்கள்.

நாளைக் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது ஒரு நிமிடம் நின்று எச்சத்தைப் பாருங்கள். கோழி சொல்ல வேண்டியதை அதில்தான் முதலில் சொல்லும்.