19 பேரில் ஒருத்தி

அம்பத்தூரில் நான் வளர்ந்த தெருவில் சாவு விழுந்தால், பெண்கள் வீட்டுக்குள் ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் இரவெல்லாம் பந்தலில் கானா பாடுவார்கள்.

அந்தக் கானா 2017இல் ராக் கிதாரோடு சேர்ந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைத் தொடங்கினார்கள். பெயருக்கு ஊற்று அயோத்திதாசரின் 'சாதியில்லாத தமிழர்கள்' என்ற தொடர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. சாதியை எதிர்த்துப் பாடிய அந்த 19 பேரில் பெண் ஒருவர்தான்: கானா பாடகி இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவரும் இடம்பெற்றார்.

ஏன் ஒருத்தி மட்டும்? கானா கற்கும் பள்ளிக்கூடம் அந்த இரவுப் பந்தல்தான். எங்கள் தெருவில் அங்கே உட்கார எந்தப் பெண்ணையும் விட்டதில்லை. குரல் எங்களிடமும் இருந்தது, வாசலைத் தாண்டவில்லை.